ரத்தம் வரும் இடத்தில்தான் துலக்க வேண்டும்

அன்புள்ள மகனுக்கு,

பல் துலக்கும்போது கடைவாய்ப் பக்கம் ஈறில் ரத்தம் வருகிறது, அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ இரக்கம் காட்டுவது ஈறுக்கு அல்ல, கிருமிக்கு. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பிசுபிசுப்பாக ஒரு படலம் படியும். அது பெரும்பாலும் பாக்டீரியா. துலக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கிக் காறையாக இறுகும். ஈறு சிவந்து வீங்கும், தொட்டாலே ரத்தம் கசியும். மெத்தென்ற பிரஷை ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து அந்த இடத்தையே பொறுமையாகத் துலக்கு. இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போ. இறுகிய காறை பிரஷுக்கு அசையாது. 'க்ளீன் பண்ணினால் பல் ஆடும்' என்று விடுதியில் எவனாவது சொல்வான். ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காறை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் குட்டு வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

பல் வேறு, உடம்பு வேறு என்று நினைப்பவர்களை உங்கள் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள் ஒருமுறை நடக்கவிட வேண்டும். பல் மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம், ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையம் மூன்றும் அங்கேதான். ஸ்ரீ சித்ராவில் உருவாக்கிய செயற்கை இதய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அப்படி வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும். ஈறு வழியாக ரத்தத்தில் நுழையும் கிருமி வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உன்னைப் போல நல்ல இதயம் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை வேண்டாம். ஈறு நோயால் மாரடைப்பு வரும் என்று அடித்துச் சொல்பவர்களையும் நம்பிவிடாதே. இரண்டும் சேர்ந்து காணப்படுவது உண்மை. ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்பது நிறுவப்படவில்லை. சர்க்கரை நோய் விஷயம் அப்படியல்ல. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கடினம். உன் அப்பாவிடம் இதைச் சொல்.

ஆர்.சி.சி. கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழில் வாய்ப் பரிசோதனை. ஆறில் வழக்கமான கவனிப்பு மட்டும். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். வீடு வீடாகப் போய் 35 வயது தாண்டியவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று மூன்று சுற்று. 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் பலன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். இன்றும் உலகில் எங்கே வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேசினாலும் திருவனந்தபுரத்தின் பெயர் வராமல் இருக்காது. வாயைத் திறந்து பார்ப்பதற்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்க்கும் தாத்தா காலத்துப் பழக்கம் வேண்டாம், எனாமல் தேய்ந்துபோகும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் போதும். காலையில் விட்டாலும் இரவில் விடாதே. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிக்கு அப்போதுதான் கொண்டாட்டம்.

ஓணம் லீவுக்கு நாகர்கோவில் வரும்போது பாட்டியின் வாயை மொபைல் டார்ச் அடித்துப் பார். தான் மெல்லும் முறுக்கான் கடை வெற்றிலையில் புகையிலை சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்வாள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடிப்புறம் மூன்றையும் பார். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், முன்போல வாயைத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் எனக்கு உடனே போன் செய். திட்டுவாளே என்று பயந்து மறைக்காதே.

அன்புடன்,
சித்தப்பா