மானத்திற்கு அஞ்சி உயிரை இழக்கலாமா?

பேராக் மாநிலத்தில், பால்மரங்கள் நிறைந்திருந்த தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மரம் மாறினாலும் பாட்டாளிக் குடும்பங்களை வாட்டும் போதைப்பொருள் தொல்லை நீங்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அபினியை விற்று அரசாங்கமே வருவாய் ஈட்டியது. அதே அபினியிலிருந்து செய்யப்படுவதே ஹெராயின். போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று நம் அரசாங்கம் 1983ஆம் ஆண்டு அறிவித்தது.

ஒருவர் இப்பழக்கத்திற்கு அடிமையானால் துன்புறுவது குடும்பம் முழுவதும். தாயின் நகை அடகுக்குப் போகும். பிள்ளையின் படிப்பு தடைப்படும். எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் மறைக்கவே வீட்டார் முயல்வர். இந்த மறைப்பே சில வேளைகளில் உயிரைப் பறித்துவிடுகிறது.

ஹெராயின் அளவு மீறினால் மூச்சு மெல்லத் தளரும். உதடு நீலம் பாரிக்கும். கண்ணின் கருமணி ஊசிமுனைபோல் சுருங்கும். குறட்டை போன்ற ஒலி எழும். 'தூங்குகிறான்' என்று விட்டுவிடலாகாது. மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பழுதடையும்.

உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் அவரை ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். இல்லையேல் தொலைபேசியில் கூறப்படும் முதலுதவியைச் செய்ய வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் அம்புலன்ஸ் வழி தவறாதிருக்க, ஒருவர் முச்சந்தியில் நிற்பது நலம்.

வந்தவர்களிடம், 'காய்ச்சலில் மயங்கினான்' என்று பொய்யுரைத்தால் அவர்கள் நோயை ஊகித்தே காலத்தைக் கழிக்க நேரும். உண்மையை உரைத்தால், மூச்சுக்கு உதவி செய்து, நாலோக்சோன் எனும் மாற்று மருந்தைச் செலுத்துவர். ஊசி கிடந்தால் அதனையும் காட்ட வேண்டும். உதவ வந்தவர் கையில் அது குத்திவிடலாகாது. கண்விழிப்பவர் சினந்து திமிறக்கூடும். அவரை அமைதிப்படுத்துவது வீட்டார் கடமை. அம்மருந்தின் வலிமை விரைவில் தணிந்து, மூச்சு மீண்டும் தளரலாம். ஆகவே, எழுந்துவிட்டார் என்று வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவமனைக்கு அனுப்பியே தீர வேண்டும்.

மறுவாழ்வு நிலையத்திலிருந்து திரும்பியவர்பால் மிகுந்த கவனம் தேவை. பழைய அளவைத் தாங்கும் ஆற்றல் உடலில் குறைந்திருப்பதால், மீண்டும் அதே அளவை உட்கொண்டால் அதுவே எமனாகும்.

அடிமைத்தனம் ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அரசாங்கம் மெத்தடோன் சிகிச்சை அளித்து வருகிறது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்டறியலாம். போன மானத்தை உழைத்து மீட்கலாம். போன உயிரை மீட்க இயலாது. இதனை நாம் மனத்திற்கொள்வோமாக.