பயாஸைப் புதுப்பிக்கும் முறை

கணினியின் மின்விசையை அழுத்தியவுடன், விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்பாகவே, நினைவகம் சரியாக இருக்கிறதா, விசைப்பலகை இணைந்திருக்கிறதா, வட்டு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, பின்பு பொறுப்பை ஒப்படைத்து விலகிக்கொள்ளும் ஒரு சிறு நிரல் மதர்போர்டில் உள்ள சில்லு ஒன்றில் வாசம் செய்கிறது. இன்று அதன் ஸ்தானத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய அமைப்பு வந்துவிட்டபோதிலும், 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் காலந்தொட்டு வழங்கிவரும் பயாஸ் என்ற பெயராலேயே ஜனங்கள் அதை இன்னும் குறிப்பிடுகிறார்கள். பழைய பயாஸை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதென்பது, கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக்கூரை வேய்வது போன்ற காரியம். அந்தச் சில நிமிஷங்களில் மின்சாரம் நின்றுவிடுமானால் யந்திரம் மறுபடி எழாமலே போய்விடக்கூடும். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி சி.ஐ.எச். என்ற வைரஸ் ஆசிய நாடுகள் பலவற்றில் கணினிகளின் பயாஸை அழித்தபோது, உடைந்த பாகம் ஒன்றுமில்லாதிருந்தும் அந்த யந்திரங்கள் திரையில் ஓர் எழுத்தும் காட்டாமல் கிடந்தன.

பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே உள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊரில் வசிப்பவர்களுக்கு இந்த மின்சார விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்த பிரதேசம் இது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை நாட்களையும், கோடையில் இடி இடிக்கும் சாயங்காலங்களையும் இக்காரியத்துக்கு அறவே விலக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்விநியோகம் நிறுத்தப்படும் தேதி நாளிதழ்களில் முன்கூட்டியே வெளியாகிறது. அதையும் பார்த்துக்கொண்டு நாளைக் குறிப்பது உத்தமம்.

நாள் குறிப்பதற்கு முன்னால், புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பது மட்டுமே போதிய காரணம் ஆகாது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ஸ்பெக்டர் போன்ற பாதுகாப்புக் குறை, பழைய போர்டில் புதிய பிராசஸரைப் பொருத்த வேண்டிய நிர்ப்பந்தம், 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் சிலவற்றில் கண்ட நிலையின்மைக்கு 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாக வந்த திருத்தம், இவை போன்றவையே தக்க காரணங்கள். ஒவ்வொரு பதிப்போடும் கம்பெனி வெளியிடும் குறிப்பில் உங்கள் சங்கடம் சொல்லப்பட்டிருந்தால் புதுப்பியுங்கள். இல்லையேல் ஓடுகிற யந்திரத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

புதுப்பிப்பதென்று தீர்மானித்தபின் முதற்காரியம் யந்திரத்தை ஐயமறத் தெரிந்துகொள்வது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் மாடலின் பெயரும், தற்போதைய பயாஸ் பதிப்பும் தேதியும் தெரியும். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேஜைக் கணினியானால் இதோடு திருப்தியடையக் கூடாது. பக்கக் கதவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், மாடல் பெயரைத் தவிர, சில போர்டுகளின் மூலையில் 'ரெவ் 1.0', 'ரெவ் 1.2' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது தென்படும். கிகாபைட் போர்டுகளில் இந்த எண் மாறினால் அதற்குரிய பயாஸும் மாறிவிடுவது உண்டு. மடிக்கணினிக்கு அடிப்புறச் சீட்டிலுள்ள சீரியல் எண்ணே பிரமாணம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினியை வைத்திருப்பவர்கள், கடையில் விற்கும் வேறொரு மாடல் தோற்றத்தில் ஒத்திருக்கிறதே என்று அதன் கோப்பை எடுத்துவிடலாகாது; சீரியல் எண்ணைக் கொடுத்துத் தேடியும் கம்பெனியின் தளத்தில் கோப்பு கிடைக்கவில்லையென்றால், அந்த யந்திரத்துக்கு இக்காரியமே வேண்டாம்.

கோப்பை உற்பத்தி செய்த கம்பெனியின் தளத்திலிருந்து மாத்திரமே இறக்க வேண்டும். பிறகு முக்கியமான ஆவணங்களை வெளி வட்டில் பிரதி எடுத்துக்கொண்டு, பயாஸ் அமைப்புப் பக்கங்களை, விசேஷமாக வட்டு எந்த முறையில் இயங்குகிறது என்பதையும் எதிலிருந்து பூட் ஆகிறது என்பதையும் காட்டும் பக்கங்களை, செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பூட்டு இயங்கும் விண்டோஸாக இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களிடம், புதுப்பிப்பு செவ்வனே முடிந்த பின்பும், விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு வழிமறித்து நிற்கலாம்.

மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்வதில் மடிக்கணினி சௌகரியமானது. பேட்டரியை நிறைய ஏற்றிக்கொண்டு சார்ஜரையும் இணைத்துவிட்டால் போதும். மேஜைக் கணினிக்கு யூ.பி.எஸ். அவசியம். அதன் உள்ளிருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருஷங்களில் சக்தி குன்றிப்போவது சகஜமாகையால், முதல் நாளே கணினியை ஓடவிட்டு யூ.பி.எஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தைச் சுவரில் நிறுத்திப் பார்த்து, கால்மணி நேரமாவது தாங்குகிறதா என்று சோதித்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்புறத்தில் யூ.பி.எஸ்., ஈகோ என்று இரு நிலைகள் கொண்ட விசை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஈகோ நிலையில் மின்சாரம் மாறுவதற்குக் கூடுதல் கணநேரம் பிடிப்பதால், மின்விசிறி நிற்காமல் சுற்றினாலும் கணினி அணைந்து எழுந்துவிடக்கூடும்.

இனிக் காரியத்தைத் தொடங்கலாம். மடிக்கணினியில் கம்பெனி தரும் நிரலை, மற்றெல்லாவற்றையும் மூடிவிட்டு, இயக்கினால் அதுவே யந்திரத்தை மறுபடி எழுப்பி எழுதத் தொடங்கும். மேஜைக் கணினிக்கு விண்டோஸின் உள்ளிருந்து எழுதுவதைவிட, எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில், ஜிப்பிலிருந்து பிரித்த கோப்பை வைத்து, டெலிட் அல்லது எஃப்2 விசையால் பயாஸுக்குள் நுழைந்து, ஏசஸில் ஈ.இசட். ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம்-ஃபிளாஷ் எனப்படும் பகுதியின் மூலம் எழுதுவதையே நான் சிலாக்கியமாகக் கருதுகிறேன். எழுதும்போது திரை கறுத்துப்போவதும், விசிறி இரைவதும், யந்திரம் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுவதும் இயல்பு. அரைமணி நேரம் ஆகும்வரை எந்த விசையையும் தொடாமல் சாவதானமாக இருங்கள்.

யந்திரம் எழுந்ததும் புதிய பதிப்பு எண் வந்திருக்கிறதா என்று பார்த்து, படம் பிடித்த அமைப்புகளை ஒப்பிட்டுத் திரும்ப இட்டு, பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள்.

ஒருவேளை எழாமற்போனால் உடனே நிராசை அடைய வேண்டாம். ஹெச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் சேர்த்து அழுத்தியபடி மின்விசையை அழுத்துவதும், டெல் மடிக்கணினிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்தியபடி சார்ஜரைச் செருகுவதும் மீட்பு முறையைத் தொடங்கிவைக்கும். அதுவும் பலிக்காவிடில், சில்லில் நேரடியாக எழுதும் கருவி வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லலாம். அவர் புதியதை எழுதுவதற்கு முன்னால், சில்லில் இப்போது இருப்பதை அப்படியே படித்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளும்படி கேளுங்கள். யந்திரத்தின் சீரியல் எண்ணும், பல மடிக்கணினிகளில் விண்டோஸ் உரிமச் சாவியும் அந்தச் சில்லுக்குள்ளேதான் இருக்கின்றன.