கண்ணாடித் தொட்டியில் ஒரு கழிமுகம்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். மலாய் மொழியில் அதுவே 'கோலா'. கோல சிலாங்கூர், கோல குராவ் என நம் நாட்டு ஊர்ப் பெயர்கள் பலவற்றில் அச்சொல் நின்று நிலவுகிறது. கோலாலம்பூரும் அவ்வாறு பெற்ற பெயரே. ஆயினும் அங்கே ஆற்றோடு கலப்பது மற்றோர் ஆறு.

கழிமுகத்து நீர் நன்னீருமன்று, கடல்நீருமன்று. இரண்டும் கலந்த உவர்நீர். நாள்தோறும் அலை ஏறி இறங்கும் அச்சேற்று நிலத்தில் வேறு மரங்கள் நிற்க மாட்டா. கண்டல் மரங்கள் மட்டுமே, கால் ஊன்றி நிற்பவைபோல் வேர்களைப் பரப்பிக்கொண்டு நிற்கின்றன. இவற்றையே நம் மக்கள் 'பாக்காவ்' என்று அழைக்கின்றனர். பேராக் மாநிலத்தின் மாத்தாங் வட்டாரத்தில் ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்பில் இக்காடு உள்ளது. நூறாண்டுகளுக்கும் மேலாக மரத்தை முறையாக வெட்டி, மீண்டும் நட்டு, கரியும் கம்பமும் எடுத்துவரும் காடு அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கி நம் நாட்டில் 68 உயிர்களைக் கொண்டுபோன பின்னரே, அலையின் வேகத்தைத் தணிக்கும் இம்மரங்களின் அருமை பலருக்கும் புலப்பட்டது.

இக்கழிமுகத்தின் சிறு துண்டொன்றைத் தோட்டப் பள்ளியிலோ, இளைஞர் மன்றத்திலோ, லயத்து வீட்டு முன்கூடத்திலோ ஒரு கண்ணாடித் தொட்டியில் அமைப்பது எவ்வாறு என்பதை இம்மாதம் காண்போம்.

முதலில் நாம் செய்த தவற்றைக் கூறிவிடுதல் நலம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து இத்தகைய தொட்டி ஒன்றை அமைத்தோம். திங்கட்கிழமை மணலும் நீரும் இட்டோம். செவ்வாய்க்கிழமை கறுப்பு மோலி மீன்கள் பன்னிரண்டை விட்டோம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரு மீனும் உயிரோடு இல்லை. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் குறை கூறினர். ஒரு சிறுமி, தான் உப்பை மிகுதியாகக் கொட்டிவிட்டதாக எண்ணி இரண்டு நாள் அழுதாள். உப்பு மிகவில்லை. மருந்தும் யாரும் கலக்கவில்லை. நஞ்சு மீன்களிடமிருந்தே வந்தது. அதைப் போக்கும் ஆற்றல் அப்புது நீருக்கு இன்னும் வந்திருக்கவில்லை. தவறு அவசரப்பட்ட நம்முடையதே.

அந்நஞ்சு உங்களுக்குப் புதியதன்று. பால் கெட்டியாகாதிருக்க ஸ்டோரில் கலக்கிறார்களே, மூக்கைத் துளைக்கும் அமோனியா, அதுவேதான். மீனின் கழிவிலிருந்தும், தின்னாது விட்ட தீனியிலிருந்தும் அது உண்டாகிறது. நம் மூக்குக்கு எட்டாத சிறு அளவே மீனைக் கொல்லப் போதும். ஆற்றிலும் கழியிலும் மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் நஞ்சே. வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்குகின்றன. கண்டல் கன்று அந்நைட்ரேட்டை உரமாக உறிஞ்சிக்கொள்கிறது. இவ்விருவகை நுண்ணுயிர்களும் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை மீன் விடலாகாது. பால்மரக் கன்றை நட்ட மறுநாளே கத்தியும் உளியுமாக எவரேனும் செல்வதுண்டா?

இனித் தொட்டியைக் கவனிப்போம். நீளம் 3 அடி, அகலம் ஒன்றேகால் அடி, உயரம் ஒன்றரை அடி உள்ள தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. அதில் 8 அங்குல உயரத்துக்கே நீர் நிற்க வேண்டும். மேலே காற்றுக்கும் கன்றுக்கும் இடம் வேண்டும். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 100 கிலோகிராமைத் தாண்டும். ஆதலின் ஆட்டங்காணும் மேசைமேல் வைத்தல் ஆகாது. காலை வெயில் படும் சன்னலோரம் நன்று. கண்டலுக்கு வெளிச்சம் மிகுதியாக வேண்டும்.

அடியில் 3 அங்குல உயரம் மணல் இடுக. ஆற்று மணலை நீர் தெளியும்வரை பலமுறை அலசி, அதனோடு இடித்த கிளிஞ்சலைக் கலந்துகொண்டால் நீர் புளிப்பேறாமல் நிற்கும். ஒரு மூலையில் கற்களை அண்டைகொடுத்து, நீருக்கு மேலே தலைநீட்டுமாறு மணல்மேடு ஒன்று அமைக்கலாம். கரையிலிருந்து உண்மையான சேற்றையே வாளியில் அள்ளிவரப் பலரும் ஆசைப்படுவர். நாமும் ஆசைப்பட்டதுண்டு. காற்றுப் புகாத தொட்டியடியில் அது கறுத்து அழுகி நாற்றமெடுக்கும், விட்டுவிடுவதே மேல்.

மேற்கூறிய தொட்டியில் மணல் நீங்கலாக ஏறக்குறைய 50 லிட்டர் நீர் நிற்கும். தூய கடல்நீர் கிடைக்குமாயின் ஒரு பங்கு கடல்நீருக்கு இரண்டு பங்கு நன்னீர் சேர்க்கலாம். ஆலைக் கழிவோ தோட்டத்து வாய்க்காலோ விழும் இடத்தில் நீர் எடுக்கக் கூடாது. கடல்நீர் இல்லாதோர் மீன் கடைகளில் கிடைக்கும் கடல் உப்பை லிட்டருக்கு 12 கிராம் வீதம், அதாவது 50 லிட்டருக்கு 600 கிராம், கரைத்துக்கொள்க. சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. கடல்நீரிலுள்ள சுண்ணச்சத்தும் மக்னீசியமும் அதில் இல்லை. குழாய் நீரில் உள்ள குளோரினை முறிக்கும் மருந்தும் அதே கடையில் கிடைக்கும்.

உப்பின் அளவைப் பார்ப்பதற்கு மிதக்கும் அளவுகோல் ஒன்றுண்டு. ஸ்டோரில் பாலின் சத்தை அறிய மெட்ரோலேக் என்னும் கருவியை மிதக்கவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அதன் உடன்பிறப்பே இதுவும். ஆனால் மெட்ரோலேக்கையே கொண்டுவந்து இதில் இடலாகாது. அதன் கோடுகள் பாலுக்கென வகுக்கப்பட்டவை. கடல்நீருக்குரிய அளவுகோலில் 1.008 முதல் 1.010 வரை காட்டினால் நீர் சரியாக உள்ளது.

நீர் சுமக்கும் கலங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாலை உறையவைக்கும் எசிட் இருந்த கலன், அமோனியா இருந்த கலன், களைக்கொல்லி இருந்த தோம்பு ஆகிய எதுவும் ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் ஆகாது.

தொட்டியில் சிறு பம்பு ஒன்று நீரை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். உவர்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். கையை உள்ளே விடுமுன் விசையை அணைத்துவிடுக. கம்பி வழியே வழியும் நீர் பிளக்கினுள் இறங்காதவாறு, கம்பியைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுக. மூடுவதற்கு இரும்பு வலை உதவாது. ஓராண்டில் துருவேறி உதிரும். பிளாஸ்டிக் வலையே வேண்டும்.

கண்டலின் விதை விந்தையானது. பால்மரத்துக் காய் வெடித்து விதையைச் சிதறுகிறது. கண்டலோ தாய்மரத்திலேயே விதையை முளைக்கவைத்து, பச்சை முருங்கைக்காய் போன்ற நெடிய முளைக்கன்றாக வளர்த்துக் கீழே விடுகிறது. பாக்காவ் மின்யாக் என்னும் வகையின் முளைக்கன்று தொட்டிக்கு ஏற்ற அளவுடையது. ஏறக்குறைய 10 அங்குலம் நீளமுள்ள, புழு துளைக்காத மூன்று போதும். ஒன்றை மறக்கலாகாது: வனக்காப்பகத்தினுள் விழுந்து கிடப்பதாயினும் அனுமதியின்றி எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுப் பெறுதலே முறை. பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி மீன் பிடிக்கச் சொல்வதும் வேண்டா. செம்பிலாங் மீனின் முள் தைத்தவர்களைக் கேளுங்கள், அவ்வேதனையைச் சொல்வார்கள்.

முளைக்கன்றின் கூரிய பருத்த முனை அடிப்பக்கம். அதை 2 அங்குலம் மணலில் செருகுக. மொட்டு உள்ள மேல்முனை எப்போதும் நீருக்கு மேலே நிற்க வேண்டும். நீருள் மூழ்கினால் அழுகிவிடும். இலை விரியச் சில வாரங்கள் ஆகும். சில கன்றுகள் இரண்டு மூன்று மாதங்களும் எடுத்துக்கொள்ளும். உயிர் இருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்போர் உண்டு. அவ்வாறு பார்க்கப்பட்ட கன்று பிழைப்பது அரிது. இலை வந்தபின் நாள்தோறும் நன்னீர் தெளித்து வருக. வெளியே மழை செய்யும் வேலையை வீட்டினுள் நாம்தான் செய்ய வேண்டும்.

மீன் இல்லாத அந்த ஒரு மாதத்தில் நுண்ணுயிர்களுக்கு இரையாக நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியை இட்டு வருக. இந்நாள்களில்தான் கொசுவுக்கு அஞ்ச வேண்டும். உப்புநீரில் கொசு முட்டையிடாது என்று எண்ணிவிடக் கூடாது. ஏடிஸ் கொசு ஓரளவு உவர்நீரிலும் பெருகும். வீட்டில் கொசுப்புழு இருக்கக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தண்டம் கட்ட நேரிடும். டெங்கிக் காய்ச்சலால் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அதனினும் பெரிய தண்டம் அது. எனவே தொட்டியை நெருக்கமான வலையால் மூடி, இரண்டு நாளுக்கொருமுறை விளக்கடித்துப் பார்த்துக்கொள்க.

அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று சோதனைச் சொட்டுமருந்து காட்டிய பின்னரே உயிர்களை விடுக. கறுப்பு மோலி மூன்று அல்லது நான்கு விட்டுத் தொடங்கலாம். விலை குறைவு, உவர்நீரில் நன்கு வாழும், குட்டி போடும். அவை நலமாயிருந்தால் இரண்டு வாரங்கள் கழித்து ஒரு பெலாச்சாக் மீனை மணல்மேட்டருகே விடலாம். தோல் ஈரமாயிருக்கும்வரை கரையில் உலவும் இம்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியாது. ஆனால் ஒன்றோடு நிறுத்துக, இடத்துக்காகச் சண்டையிடும். பூச்சிமேல் நீரைப் பீய்ச்சி வீழ்த்தும் சும்பிட் மீனுக்கு இத்தொட்டி சிறிது. பச்சைப் புந்தல் பார்க்க அழகு. பிற மீன்களின் துடுப்பைக் கடித்துவிடும்.

நீர் நாளும் சிறிது குறையும். ஆவியாய்ப் போவது நன்னீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றுக. உப்புநீரை ஊற்றினால் சில வாரங்களில் தொட்டி கடலாகிவிடும். வாரம் ஒருமுறை 5 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, முதல் நாளே உப்புக் கரைத்து வைத்த நீரை ஈடு செய்க.

கன்று இரண்டோர் ஆண்டுகளில் தொட்டிக்கு அடங்காமல் வேரூன்றத் தொடங்கும். அப்போது வனத்துறையினரைக் கேட்டு அதைக் கரையில் நடலாம். மோலி மீன்களை அதனுடன் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். அவை அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவை. குட்டிகள் பெருகிவிட்டால் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். அங்கே தொட்டி வைத்து எத்தனை வாரமாயிற்று என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.