ஊர்தியும் உறுப்பு மாற்றமும்

கைக்கு வந்த பொருளைத் தம் விருப்பத்திற்கேற்பத் திருத்திக் கொள்ளுதல் மக்கள் இயல்பு. கட்டி முடித்த வீட்டிற்கும் ஒரு திண்ணையைச் சேர்ப்பர். தைத்து வந்த சட்டையையும் பிரித்துத் தைப்பர். மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர் பலர் அதனை உடனே பணிமனைக்குக் கொண்டு செல்வதும் இவ்வியல்பு பற்றியே. சைலன்சரை மாற்றுவர், பெரிய டயரைப் பூட்டுவர், முகப்பு விளக்கில் ஒளிமிக்க பல்பைப் பொருத்துவர். திண்ணை சேர்த்த வீடு நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டியோ விரைந்து ஓடுவது. அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தே தொழில் புரிவன. ஆகவே ஓர் உறுப்பை மாற்றுங்கால் அதனோடு தொடர்புடைய பிற உறுப்புகள் என்னாகும் என ஆராய்தல் வேண்டும்.

விளக்கினையே முதலிற் காண்போம். 12 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் ஒரு வண்டியில் 60 வாட் பல்பு இருப்பதாகக் கொள்வோம். அதனுள் பாயும் மின்னோட்டம் 5 ஆம்பியர். அதனை நீக்கி 100 வாட் பல்பைப் பொருத்தினால் மின்னோட்டம் 8 ஆம்பியருக்கு மேல் உயரும். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்பது அறிவியல் பாடத்தில் நாம் பயின்றதன்றோ? அக்கணக்கின்படி அதே கம்பியில் வெப்பம் ஏறத்தாழ 2¾ மடங்காகிறது. நாளடைவில் கம்பியின் மேலுறை இளகும், சுவிட்சு கருகும், தீப்பற்றவும் கூடும். தடித்த கம்பியும் ரிலேயும் சேர்த்துப் பொருத்தினால் இத்தீங்கைத் தவிர்க்கலாம். ஆனால் அவற்றிற்காகும் செலவு பல்பின் விலையை விஞ்சிவிடும். எதிரே வருவோரின் கண் கூசுவதற்கோ மாற்று ஏதுமில்லை.

டயரின் செய்தி இதனினும் நுட்பமானது. வேகங்காட்டும் கருவி சாலையை அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியையே எண்ணுகிறது. இரு சக்கரங்களிலும் விட்டம் நூற்றுக்கு ஐந்து பங்கு மிகுந்த டயர்களைப் பூட்டினோமாயின், முன்பு சரியாகக் காட்டிய கருவி இப்பொழுது 60 கிலோமீட்டர் எனக் காட்டும்போது வண்டி 63 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். வேகம் ஐந்து பங்கு மிகுந்தால் இயக்க ஆற்றல் பத்துப் பங்கு மிகும். சக்கரத்தின் ஆரம் நீண்டமையால், பிரேக்கை அதே அளவு அழுத்தினாலும் தரையில் கிடைக்கும் தடுப்புவிசை குறைந்துவிடும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், முன்பு 20 மீட்டருக்குள் நின்ற வண்டி இப்பொழுது 23 மீட்டர் சென்றே நிற்கும். ஓட்டுபவர் பிரேக்கில் கை வைக்கவேயில்லை, டயரைத்தான் மாற்றினார். கூடிய அந்த 3 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் சிறுவன் ஒருவன் நிற்கக்கூடும்.

பின்சக்கரத்துப் பற்சக்கரத்தைச் சிறிதாக்குவோரும் உளர். எஞ்சின் மெல்லச் சுழலும். சமவெளியில் பெட்ரோல் சற்று மிஞ்சும். ஆனால் மேட்டில் ஏறும்போதும் பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும்போதும் வண்டி திணறும். எஞ்சினின் திறன் கூடவில்லை. வேகத்திற்கும் இழுவைக்கும் இடையே அது வேறு வகையாய்ப் பங்கிடப்பட்டது, அவ்வளவே.

இனி, இளைஞர்கள் பெரிதும் விரும்பும் சைலன்சருக்கு வருவோம். ஒலி மிகுந்தால் விசையும் மிகுந்தது எனக் காது நம்பிவிடுகிறது. புகை வெளியேறும் குழாய் வெறும் குழாயன்று. புகை பாயுந்தோறும் ஓர் அழுத்த அலை அதனுள் ஓடி, முனையில் மோதித் திரும்புகிறது. அவ்வலை உரிய நொடியில் எஞ்சினை அடையுமாறு குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் வகுக்கின்றனர். இந்நுட்பத்தை இருவீச்சு எஞ்சினில் ஆராய்ந்து பெரும்பயன் கண்டவர் கிழக்கு செர்மனியின் எம். இசட். நிறுவனத்துப் பொறியாளர் வால்ட்டர் காடன். எரியாது வெளியே நழுவும் கலவையைத் திரும்பும் அலையைக் கொண்டே உட்செலுத்தினார். 1961ஆம் ஆண்டில் அவருடைய 125 கன சென்டிமீட்டர் எஞ்சின் 25 குதிரைத் திறன் தந்தது. இன்று நம் சாலைகளில் காணும் அதே கொள்ளளவுள்ள சாதாரண வண்டிகள் ஏறத்தாழ 11 குதிரைத் திறனே தருகின்றன.

எனினும் அத்திறன் குறுகிய சுழற்சி எல்லைக்குள் மட்டுமே கிடைத்தது. எஞ்சினின் உறுப்புகளும் தாங்கும் எல்லையிலேயே உழைத்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சுவீடனில் நடந்த பந்தயத்தில், உலக வாகைப் பட்டத்தை நெருங்கியிருந்த எர்ன்ஸ்ட் டெக்னர் என்பாரின் எம். இசட். எஞ்சின் இடையிலேயே செயலிழந்தது. அதன்பின் அவர் தம் நாட்டை விட்டு நீங்கிச் சப்பானிய சுசூகி நிறுவனத்தைச் சேர்ந்து, 1962இல் அதற்கு 50 கன சென்டிமீட்டர் பிரிவின் பட்டத்தை வென்று தந்தார் என்பது தனிக்கதை. பந்தய எஞ்சினைப் பந்தயந்தோறும் பிரித்துப் பார்ப்பதற்கு ஆட்கள் உளர். அலுவலகம் செல்வோரின் எஞ்சினை யார் பிரித்துப் பார்ப்பர்?

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், புகையிலுள்ள ஆக்சிசனை உணரும் கருவியும் நச்சுவாயுவைக் குறைக்கும் கருவியும் புகைக்குழாயிலேயே அமைந்துள்ளன. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். உணர்கருவியைக் குலைத்துவிட்டால் இவ்விகிதம் பிறழும். கலவையிற் பெட்ரோல் மிகுந்தால் செலவு ஏறும், புகை கறுக்கும்.

இத்தகைய மாற்றங்களால் உற்பத்தியாளர் தந்த உத்தரவாதம் கைநழுவலாம். அறிவிக்காத மாற்றம் காப்பீட்டுத் தொகைக்கும் தடையாகலாம். வண்டியை விற்கும்போது செலவிட்ட பணம் மீளுதலும் அரிது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது.

எல்லா மாற்றமும் வீணென்று கொள்ளற்க. கால் வலுவிழந்தோர் ஓட்டும் ஸ்கூட்டரின் பின்புறத்தில் இரு பக்கமும் துணைச் சக்கரங்கள் பூட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனால் வண்டியின் எடை கூடுகிறது. பெட்ரோல் மிகுதியாகச் செலவாகிறது. வளைவில் சாய்ந்து திரும்ப இயலாமையால் வேகத்தைக் குறைத்தே செல்லவேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தே அவர்கள் அதனை மேற்கொள்கின்றனர். பிறர் உதவியின்றிப் பணிக்குச் சென்று திரும்புகின்றனர். மேற்கூறிய 52ஆம் பிரிவே, பதிவு அலுவலரின் இசைவு பெற்று இவ்வாறு மாற்றிக்கொள்ள வழி வகுத்திருக்கிறது.