பழம்பதிப்பு வாங்கப் போகிறவர்களுக்கு

கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணத்தை ஆங்கில மூலத்தில் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால், சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை விலை சொல்வார்கள். எல்லாம் ஒரே புத்தகம்தானே என்று மலிவானதை வாங்கிவிடாதீர்கள். 1856இல் வந்தது முதல் பதிப்பு. கால்டுவெல் தாமே பெரிதும் விரித்து எழுதி 1875இல் வெளியிட்டது இரண்டாவது. அவர் 1891இல் மறைந்தார். பிறகு வேறு இருவர் பதிப்பித்து 1913இல் வந்த மூன்றாவதில் பல பகுதிகளை நீக்கிவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் பின்னாளில் மறுஅச்சு செய்தது இந்த மூன்றாவதைத்தான். சந்தையில் கிடைக்கும் மலிவுப் பிரதிகளிலும் இதுவே அதிகம்.

ஆகவே தேடத் தொடங்குமுன், எந்த ஆண்டின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பர்ரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1961 பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் சுட்டும் பதிவு எண்கள் பெரும்பாலும் அதில் பொருந்தா. அவை 1984இல் வந்த இரண்டாம் பதிப்பின் எண்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் வேண்டுமானால், 1924 முதல் 1936 வரை வந்த ஆறு தொகுதிகளோடு 1939இன் அனுபந்தமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘முழு செட்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. லெக்சிகனும் பர்ரோ–எமனோவும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காப்புரிமை முடிந்த பல நூல்களின் ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் உண்டு. அபூர்வமான தமிழ் நூல் என்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை மேற்கோள் சரிபார்க்க இவை போதும். பக்கத்துக்குப் பக்கம் குறிப்பெழுதிப் பழகப்போகிற நூலுக்குக் காசு செலவழியுங்கள்.

எங்கே தேடுவது? தனிக் கடைகளின் பட்டியல்களைத் திரட்டித் தரும் தளங்களில் ஏப்புக்ஸ் பெரியது. 1996இல் கனடாவில் தொடங்கியது, 2008 முதல் அமேசான் வசம். பிப்ளியோ இன்னொன்று. வியாலிப்ரி, புக்ஃபைண்டர் இரண்டும் பல தளங்களை ஒருசேரத் துழாவுபவை. இந்தியவியல் நூல்களுக்கு ஜெர்மன் கடைகள் நிறைந்த இசட்.வி.ஏ.பி. தளத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது எழுத்துக்கூட்டலில்தான். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்று நூல் தலைப்பில் சோழர் என்ற சொல்லில் ‘ஹெச்’ எழுத்தே கிடையாது. வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் அது தப்பிவிடலாம். சிலப்பதிகார ஆங்கில மொழிபெயர்ப்புகளில் நூற்பெயரின் தொடக்கத்துக்கு ராமச்சந்திர தீட்சிதர் 1939இல் ‘எஸ்’ போட்டார், டானியேலு 1965இல் ‘எஸ்ஹெச்’ போட்டார், பார்த்தசாரதி 1993இல் ‘சி’ போட்டார். 1886இல் வந்த போப்பின் குறள் மொழிபெயர்ப்புத் தலைப்பில் ‘ஆர்’ இரண்டு. கடைக்காரர் அட்டையில் உள்ளதை அப்படியே தட்டச்சுகிறவர். தமிழ் தெரிந்து திருத்த மாட்டார். எனவே தலைப்பை விட்டு ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். ஐ.எஸ்.பி.என். எண் 1970வாக்கில்தான் பரவியது. பழைய நூலுக்கு அதைத் தேடுவது வீண்.

பட்டியல் திரையில் வந்ததும் முதலில் ‘பிரின்ட் ஆன் டிமாண்ட்’ பிரதிகளைக் கழித்துவிடுங்கள். ஏப்புக்ஸில் அதற்கென்றே வடிகட்டி இருக்கிறது. பழைய ஸ்கேனை ஆர்டர் வந்தபின் அச்சடித்துக் கட்டித் தருவார்கள். விளம்பரத்தில் 1875 என்று இருக்கும், தோல் பைண்டிங் என்றும் இருக்கும், ‘மூலத்திலிருந்து மறுஅச்சு’ என்பது மட்டும் எங்கோ கடைசி வரியில் ஒளிந்திருக்கும். படிக்க மட்டும் என்றால் இதுவும் சரிதான். ஆனால் மடித்து வைத்த நிலப்படங்களை மடித்தபடியே ஸ்கேன் செய்த பிரதிகள் இவற்றில் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

நிலைக் குறிப்புகளில் ‘ஃபைன்’ என்பது மிக நல்ல நிலை, அதற்குக் கீழே ‘வெரி குட்’. வெறும் ‘குட்’ என்றால் நன்றாக அடிபட்ட பிரதி. ‘ரீடிங் காப்பி’ என்றால் எழுத்து இருக்கிறது, அட்டைக்கு உத்தரவாதமில்லை. ‘எக்ஸ்-லைப்ரரி’ என்று கண்டால் சேகரிப்பாளர்கள் ஒதுங்குவார்கள். ஆய்வாளருக்கு அதுதான் யோகம். முத்திரையும் அட்டைப் பையும் ஒட்டியிருக்கும், ஆனால் கட்டு உறுதியாக இருக்கும், விலை பாதியாகவும் இருக்கலாம். நூலகம் முறைப்படி கழித்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் அது எங்கிருந்தோ களவு போன புத்தகமாக இருக்கலாம்.

பெரிய தொகை கொடுக்குமுன் கடைக்காரருக்குக் கட்டாயம் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு மூன்றுக்கும் படம் கேளுங்கள். கல்வெட்டுத் தொகுதி என்றால் மைப்படிப் படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். படத்தை மட்டும் கிழித்து விற்கிறவர்கள் உண்டு. சென்னையில் அச்சான பழைய நூலென்றால் தாள் நொறுங்குகிறதா, இராமபாணம் துளைத்திருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் சலித்துக்கொள்ள மாட்டார். 1947இல் தொடங்கிய ஐலாப் என்ற பன்னாட்டுப் பழம்புத்தக வணிகர் கூட்டமைப்பின் உறுப்பினர் என்றால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம். பதிலே வராத கடையை விட்டுவிடுங்கள். பதில் தரும் கடைக்காரரிடமே வேறு நூல்களும் இருந்தால் சேர்த்து வாங்குங்கள். விலையிலும் தபால் செலவிலும் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுவது சாதாரணம். ஏப்புக்ஸ் காட்டும் கட்டணம் ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டது; லெக்சிகன் போன்ற கனமான தொகுதிகளுக்குக் கடைக்காரர் பிறகு கூடுதல் கேட்பார். இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்கள் தங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டும். இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 விழுக்காடு சுங்கவரி வந்தது. பார்சலோடு தபால்காரர் பணம் கேட்டால் திகைக்க வேண்டாம். உண்மை விலை எழுதிய பில்லை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். குறைத்து எழுதச் சொன்னால், பார்சல் தொலைந்தால் இழப்பீடும் குறைந்துபோகும்.

பார்சல் கைக்கு வந்த அன்றே பிரித்து, பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால் படமெடுத்து உடனே எழுதுங்கள். திருப்பி அனுப்ப ஏப்புக்ஸில் பொதுவாக 30 நாள்தான் அவகாசம்.