காளான் நாடகம்

நாடகம் என்றவுடன் அரசரும் வீரரும் காதலரும் தோன்றும் காட்சியே நம் மனக்கண்முன் எழுதல் இயல்பு. காளான் அரங்கேறுமோ என வினவின் நகைப்பார் பலர். ஆயினும் ஜப்பானியர் காளான்களையே நாடக மாந்தராக்கி, 'குசாபிரா' என்னும் நகைச்சுவை நாடகத்தை இன்றும் நடித்து வருகின்றனர். குசாபிரா என்பது அவர்தம் மொழியிற் காளானைக் குறிக்கும் பழஞ்சொல். இந்நாடகத்திற்குக் காளான் பொருந்திய காரணத்தை ஈண்டு ஆராய்வோமாக.

'நோ' என்னும் பெருமித நாடகங்களுக்கிடையே ஆடப்பெறும் நகைச்சுவைக் கூத்திற்குக் 'கியோகென்' என்பது பெயர். குசாபிரா அவ்வகையைச் சார்ந்தது. நோவையும் கியோகெனையும் ஒருங்கே யுனெஸ்கோ 2008-ஆம் ஆண்டில் மக்கட்குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

கதை மிகச் சிறிது. ஒருவன் இல்லத்தில் ஆளுயரக் காளான்கள் முளைக்கின்றன. பறிக்கப் பறிக்க மீண்டும் தோன்றுகின்றன. அஞ்சிய அவன், மலைகளில் நோன்பியற்றும் 'யாமபுஷி' என்னும் துறவியொருவரை நாடுகின்றான். அவரோ தம் ஆற்றலைத் தாமே வியந்துரைத்து, மணிமாலையை உருட்டி மந்திரம் ஓதுகின்றார். ஓதுந்தோறும் காளான்கள் பெருகுகின்றன. ஈற்றில் பேய்க்காளான் ஒன்று தோன்றி வெருட்ட, துறவியார் ஓட்டமெடுக்கின்றார்.

அரங்கின் பின்சுவரில் தீட்டிய பைன் மரமொன்றன்றி வேறு காட்சித்திரை இல்லை. காளானாக வரும் நடிகர் முகமூடியும் அகன்ற தொப்பியும் அணிந்து, குந்தியவாறே விரைந்து நகர்வர். பேய்க்காளான் குடையேந்தி வரும். காளானை நாய்க்குடை என வழங்கும் தமிழர்க்கு இக்குடையின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

இனி, காளானின் இயல்பை நோக்குவோம். நாம் காணும் குடை அதன் முழுவுடல் அன்று. வித்தணுக்களைப் பரப்புதற்கு எழும் உறுப்பே. மயிரினும் நுண்ணிய இழைகள் மண்ணிலும் மட்கிய மரத்திலும் பரந்து கிடக்கின்றன. அவற்றில் முன்னரே உருவான சிறு மொட்டுக்கள் மழை பெய்தவுடன் நீரையுண்டு விரைந்து பருக்கின்றன. ஆதலின் ஓரிரவில் முளைத்தனபோல் தோன்றுகின்றன. குடையைப் பறித்தாலும் இழை அழிவதில்லை.

நாடகத்தின் உயிர்நிலை இதுவே. துறவியார் மேலே தோன்றியதையே கண்டார். கீழே கிடந்ததை வினவினாரல்லர். மந்திரம் பலியாதபோதும் அதனையே உரத்து ஓதினார். நகை பிறக்கும் களங்களுள் பேதைமையும் ஒன்றெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். ஈண்டு எள்ளப்படுவது வேண்டுதல் அன்று. அறியாமையை மறைக்கும் செருக்கே.

துறவியார் ஓடித் தப்பினார். அவரை நம்பி அழைத்தவன் துன்பமோ தீரவில்லை. நகைத்து முடித்த பின்னரும் இஃது நம் உள்ளத்தை உறுத்துகின்றது. பட்டம் பெற்று வெளியேறும் நம்மையும் நாளை ஒருவர் தம் இடர் தீர்க்க அழைப்பர். அப்போது கற்ற சொற்களை உரத்து ஓதுவோமோ, மண்ணைத் தோண்டிப் பார்ப்போமோ? அவ்வில்லத்தானின் பொருட்டேனும் இவ்வினாவை இன்றே நம்முள் எழுப்புதல் கடனாகும்.