சாட்டர் பாடசாலை: பிள்ளையைச் சேர்க்க முதல் தெரிந்திருக்க வேண்டியவை

அமெரிக்க நகரங்களில் குடியேறிய பெற்றோர் பலருக்கு இரண்டு சந்தேகம். சாட்டர் பாடசாலைக்குக் காசு கட்ட வேணுமோ? எங்கட விசாவைக் கேட்பினமோ? கட்டணம் கிடையாது. விசா பற்றிக் கேட்டு இடம் மறுக்கவும் முடியாது.

சாட்டர் என்றால் என்ன?

இது அரசாங்கப் பணத்தில் நடக்கும் பொதுப் பாடசாலைதான். ஆனால் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தின்படி தனியான சபை ஒன்று நடத்தும். அந்தப் பத்திரத்தின் பெயர்தான் சாட்டர். சொன்னபடி நடத்தாவிட்டால் பாடசாலையை மூடவும் முடியும். இதற்கான முதற் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது.

ஆசிரியர்கள் தொடங்கிய 'கிப்'

இவற்றில் பெரிய வலையமைப்பு ஒன்று 'கிப்'. 1994இல் மைக் ஃபைன்பேர்க், டேவ் லெவின் என்ற இரு இளம் ஆசிரியர்கள் ரெக்சஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அதைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் லெவின் நியூயோர்க்கின் தென் பிராங்ஸ் பகுதியில் இன்னொன்றைத் திறந்தார். ஹரியற் போல் என்ற அனுபவசாலி ஆசிரியையிடம் இருவரும் கற்பிக்கும் முறையைப் பழகினார்கள். அவர் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே சொல்லிக் கொடுப்பார். நாங்கள் ஊரில் ராகம் இழுத்துப் படிச்ச மாதிரித்தான். இன்று கிப்புக்கு 250க்கு மேற்பட்ட பாடசாலைகள் உண்டு.

ஆரம்பத்தில் காலை 7.30 முதல் மாலை 5 மணி வரை வகுப்பு நடந்தது. சனிக்கிழமையும் கோடை விடுமுறையிலும்கூடப் படிப்பு இருந்தது. ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்கள். கிப்பின் நடுநிலைப் பாடசாலைகளில் வாசிப்பும் கணக்கும் கூடுதலாக முன்னேறியதை ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒழுக்கக் கட்டுப்பாடு மிகக் கடுமை என்ற குறையும் எழுந்தது. 'கடினமாக உழை, நல்லபடி நட' என்ற தன் பழைய சுலோகத்தை 2020இல் கிப் கைவிட்டது.

எப்படிச் சேர்ப்பது?

1. விண்ணப்ப முடிவுத் திகதியை முன்கூட்டியே விசாரியுங்கோ. பல இடங்களில் அது பாடசாலை தொடங்கப் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும்.
2. விண்ணப்பங்கள் கூடினால் சீட்டிழுப்பு நடக்கும். சகோதரர் அங்கே படித்தால் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு.
3. சீட்டு விழாமலும் போகலாம். ஆகவே வீட்டுக்குக் கிட்டவுள்ள பொதுப் பாடசாலையிலும் பதிந்து வையுங்கோ.

கையெழுத்து வைக்க முதல் கேளுங்கோ

- பஸ் இருக்கோ? பல மாநிலங்களில் சாட்டர் பாடசாலை பஸ் விடத் தேவையில்லை.
- வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்? மாலை வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒத்துவருமோ?
- பிள்ளையை எந்தக் காரணங்களுக்காக இடைநிறுத்துவினம்? போரைக் கண்ட பிள்ளை திடீரென்று பயந்தோ கோபித்தோ நடந்தால் என்ன செய்வினம்?
- ஆங்கிலம் பழகும் பிள்ளைக்கு யார் உதவி செய்வினம்?

உங்கட உரிமை

விசா நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இலவசப் பொதுக் கல்வியை மறுக்க முடியாது. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லையென்றும் தடுக்க முடியாது. முகவரிச் சான்று, வயதுச் சான்று, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கேட்கலாம். முக்கியமான விடயங்களை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வது பாடசாலையின் கடமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு தயங்காமல் கேளுங்கோ. பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. பத்திரம் முழுதும் விளங்கின பிறகே கையெழுத்து வையுங்கோ.